வெனீருக்காகப் பல்லை எவ்வளவு ராவலாம்?

முன்பல்லில் போகாத கறை. அல்லது நடுவில் ஓர் இடைவெளி. அல்லது சின்ன வயதில் கீழே விழுந்து ஓரம் உடைந்த பல், இன்னும் அப்படியே நிற்கிறது. "வெனீர் ஒட்டிவிடலாம்" என்கிறார் பல் டாக்டர். உடனே உங்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு ஆகும்? எத்தனை வருஷம் வரும்?

முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கான பதில் எந்த நாட்டுப் பீங்கான், எந்தக் கம்பெனி என்பதில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பங்கு, வெனீர் உட்காருவதற்காக உங்கள் பல்லை ராவிச் செதுக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உண்டு. நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பதால் அந்த வேலை உங்கள் கண்ணில் படுவதில்லை. கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

வெனீர் என்பது என்ன? பல்லின் முன்பக்கத்தை மட்டும் மூடும் மெல்லிய பீங்கான் ஓடு. தடிமன் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கும். லேப்பில் செய்துவந்து, பசையால் பல்லோடு நிரந்தரமாக ஒட்டுவார்கள். 1930களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். பல்செட்டைப் பிடித்து நிறுத்தும் பொடியை வைத்துத்தான் ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். அதை வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட முடியாது. நிரந்தரமாக ஒட்டும் வித்தை கைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அப்படியானால் 'கேப்' என்பதும் இதுவும் ஒன்றா? இல்லை. கேப் பல்லைச் சுற்றிலும் மூடும் உறை. அதற்காகப் பல்லை நாலு பக்கமும் செதுக்க வேண்டும். ஈறுக்கு வெளியே தெரியும் பல்லின் எடையில் வெனீருக்குப் போவது, வடிவத்தைப் பொறுத்து 3 முதல் 30 சதவீதம். முழுக் கேப்புக்குப் போவது 63 முதல் 72 சதவீதம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனில் 'டர்க்கி டீத்' என்று ஒரு பேச்சு உண்டு. மலிவாக முடிகிறதே என்று துருக்கிக்குப் போய் வெனீர் என்று நம்பி உட்கார்ந்தவர்கள், நல்ல பற்களைக் கூம்பு கூம்பாகச் செதுக்கிக் கேப் மாட்டிக்கொண்டு திரும்பிய கதை அது. ஆகவே முதல் வேலையாக, உங்களுக்குச் சொல்லப்படுவது வெனீரா கேப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சரி, ஒட்டுவதுதானே? பல்லை ஏன் ராவ வேண்டும்?

இடம் வேண்டும் என்பது முதல் காரணம். இருக்கிற பல்லின் மேலேயே அரை மில்லிமீட்டர் ஓட்டை ஒட்டினால் பல் முன்னே துருத்தும், உதடு தூக்கும். ஈறு ஓரத்தில் ஒரு படிக்கட்டு உண்டாகும். அந்தப் படியில் உணவும் அழுக்கும் தங்கி, ஈறு வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம் வரும்.

இரண்டாவது காரணம், ஓடு நேராக உள்ளே நுழைய வழி வேண்டும். பல் பார்க்க நேராக இருந்தாலும் பக்கவாட்டில் வளைந்து, அடியில் குறுகித்தான் இருக்கும். பீங்கான் துளியும் வளைந்து கொடுக்காது. வழியில் ஒரு புடைப்பு இருந்தால் ஓடு முழுசாக உட்காராது. அழுத்தினால் விரிசல் விடும். மூன்றாவது, ஓடு எங்கே முடிய வேண்டும் என்று லேப்காரருக்குத் தெளிவான கோடு தெரிய வேண்டும். கோடு மங்கலாக இருந்தால் அவர் ஊகித்துத்தான் செய்வார். ஊகத்தில் செய்த ஓரம் பல்லோடு பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ராவாமலே ஒட்ட முடியாதா? சிலருக்கு முடியும். பல் இயல்பிலேயே சின்னதாக இருந்தாலோ, பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தாலோ, பல் சற்று உள்வாங்கி இருந்தாலோ கூடுதல் தடிமன் உறுத்தாது. ஏற்கெனவே முன்னே தள்ளிய பல்லுக்கும் கருத்த பல்லுக்கும் அது சரிவராது. 'ராவவே வேண்டாம்' என்று எல்லோருக்கும் ஒரே விளம்பர வாக்கியத்தைச் சொல்லும் இடத்தில் சற்று நிதானியுங்கள். 'எல்லாப் பல்லையும் நல்லா ராவிடலாம்' என்று சொல்லும் இடத்தில் இன்னும் அதிகமாக நிதானியுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. எவ்வளவு ஆழம்?

இதற்குப் பல்லின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே இருப்பது எனாமல் (பல்லை மூடியிருக்கும் கடினமான வெள்ளைப் படலம்). அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதற்குள்ளே டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் சற்று மஞ்சளான, ஈரப்பதமுள்ள பகுதி). அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும். மேல் முன்பல்லின் நுனியில் எனாமல் சுமார் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். நடுவில் சுமார் 1 மில்லிமீட்டர். ஈறை ஒட்டிய கழுத்தில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். வயதாக ஆக, பிரஷ் போட்டுத் தேய்ந்து, இதுவும் குறையும்.

ஆகவே ஒரே ஆழத்தில் பல் முழுவதையும் ராவினால், நுனியில் எனாமல் மிஞ்சும், கழுத்தில் தீர்ந்துபோகும். வழக்கமான அளவுகள் கழுத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர், நடுவில் 0.5 முதல் 0.7 வரை, நுனியைக் குறைப்பதாக இருந்தால் 1.5 முதல் 2 வரை. கழுத்துப் பக்கம் டாக்டரின் கை கால் மில்லிமீட்டர் தவறினாலும் கணக்கு மாறிவிடும்.

எனாமல் தீர்ந்த இடம் பார்த்தாலே தெரியும். காற்றடித்து உலர்த்தினால் எனாமல் மங்கிய வெள்ளையாக இருக்கும். டென்டின் வெளிப்பட்ட இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளக்கும். கைக்கண்ணாடி கொடுத்துக் காட்டச் சொன்னால் நீங்களே பார்க்கலாம். ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்தால் நல்ல செய்தி. கழுத்தில் பிறை வடிவில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அங்கே ஒட்டு பலவீனமாக இருக்கும்.

எனாமல் போனால் என்ன, டென்டினும் பல்தானே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெனீர் நிற்பது முழுக்க முழுக்க ஒட்டின் பலத்தில். கேப்பைப் போல் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ள அதற்கு எதுவும் கிடையாது. 1955இல் அமெரிக்காவின் மைக்கேல் புவானகோர், பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால் எனாமலின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகிறது, அதில் பசை இறங்கி இறுகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்று 35 முதல் 37 சதவீத அமிலத்தை எனாமலில் அரை நிமிடம்போல் வைத்துக் கழுவுகிறார்கள். எனாமல் பெரும்பகுதி தாது, ஈரம் மிகக் குறைவு. அதனால் இந்த ஒட்டு வருஷக்கணக்கில் மாறாமல் நிற்கிறது.

டென்டின் அப்படியல்ல. அதில் நீர் உண்டு, புரத இழைகள் உண்டு, நரம்பு நோக்கிப் போகும் நுண்ணிய குழாய்கள் உண்டு. அங்கேயும் பசை பிடிக்கும். இப்போதுள்ள பசைகள் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஈரம் உள்ளிருந்து வந்துகொண்டே இருப்பதால் சில வருஷங்களில் ஒட்டு தளரத் தொடங்கும். ஓரம் டென்டினில் முடிந்த வெனீர்கள் கழன்று விழுவதும், ஓரத்தில் கசிந்து கறைபடுவதும் அதிகம். நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. எனாமல், டென்டினைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பானது. பீங்கானும் விறைப்பு. விறைப்பின் மேல் விறைப்பு உட்கார்ந்தால் கடிக்கும்போது இரண்டும் சேர்ந்து பாரம் தாங்கும். டென்டின் அழுத்தத்தில் சற்று வளையும், பீங்கான் வளையாது. அடியில் சிமென்ட் சரியாக நிரம்பாத டைல்ஸ் மேல் கால் வைத்தால் டைல்ஸ் வெடிக்கிறதல்லவா, அதே கதைதான். டைல்ஸின் தரத்தில் குறையிருக்காது, அடித்தளம்தான் ஏமாற்றியிருக்கும்.

"அப்படியானால் இன்னும் கொஞ்சம் ராவி, பீங்கானைத் தடிமனாகப் போட்டால் பலமாக இருக்காதா?" இது நியாயமான சந்தேகம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சில டாக்டர்கள் உட்பட. கையில் வைத்து வளைத்துப் பார்த்தால் தடித்த பீங்கான்தான் பலம். வாய்க்குள் நிலைமை வேறு. தடிமனுக்காக எனாமலைப் பலி கொடுத்தால் அடித்தளம் போய்விடுகிறது. எனாமலில் நன்றாக ஒட்டிய மெல்லிய ஓடு, டென்டினில் ஒட்டிய தடித்த ஓட்டைவிட நன்றாகத் தாங்குவது வழக்கம். பல்லில் மிச்சம் இருப்பது என்ன என்று பாருங்கள், மேலே வைப்பது அப்புறம்.

பீங்கானின் வகை ஒரு பொருட்டே இல்லையா? உண்டு. பழைய பெல்ட்ஸ்பார் பீங்கான் அழகில் மிஞ்ச முடியாதது, ஆனால் எளிதில் உடையும். இப்போது அதிகம் பயன்படும் லித்தியம் டைசிலிகேட் அதைவிட மூன்று நான்கு மடங்கு தாங்கும். இந்த இரண்டையும் உள்பக்கம் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டலாம் (வாய்க்கு வெளியே செய்யும் வேலை இது, உங்கள் பல்லில் அந்த அமிலம் படாது). சிர்கோனியா இன்னும் பலம். ஆனால் அந்த அமிலம் அதைச் சொரசொரப்பாக்காது, ஆகவே ஒட்டுவதற்கு வேறு முறை வேண்டும். 'சிர்கோனியாதான் பெஸ்ட்' என்று விலைப்பட்டியலைக் காட்டி யாராவது சொன்னால், கேப்புக்கா வெனீருக்கா என்று கேளுங்கள்.

அடுத்து, பல்லின் நுனி. முன்பக்கத்தை மட்டும் செதுக்கி நுனியைத் தொடாமல் விடுவது ஒரு வகை. நுனியைச் சற்றுக் குறைத்து, ஓடு நுனியை மூடி அங்கேயே தட்டையாக முடிவது இன்னொரு வகை. மூன்றாவதில் ஓடு நுனியைத் தாண்டி உள்பக்கமும் மடங்கி இறங்கும். எது நல்லது என்று பல் மருத்துவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நடைமுறையில் நுனி நீளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டாவது வகை சௌகரியம். செய்வது எளிது, ஓட்டை மேலிருந்தோ முன்னிருந்தோ பொருத்தலாம், லேப்பிலும் தவறு குறைவு. மூன்றாவதில் உள்பக்கம் மடங்கும் மெல்லிய பீங்கான், மேல்பல்லின் குழிவான பகுதியில் முடிய நேரலாம். கடிக்கும்போது இழுவிசை சேரும் இடம் அது. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் உடையும்.

வகை எதுவானாலும் ஒரு விதி மாறாது: பீங்கானும் பல்லும் சேரும் கோட்டில் கீழ்ப்பல் வந்து இடிக்கக் கூடாது. அதனால்தான் நல்ல டாக்டர் ராவுவதற்கு முன்பே நீல, சிவப்புத் தாளைக் கடிக்க வைத்து, எங்கே மை படுகிறது என்று பார்க்கிறார். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தாடையை நகர்த்தச் சொல்வார். நேராகக் கடிக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு ராவத் தொடங்கினால், பக்கவாட்டிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பொருத்தம் என்று சொல்கிறோமே, எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? ஓட்டின் ஓரத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி எப்போதும் இருக்கும். அதைப் பசை நிரப்பும். 120 மைக்ரான் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை சம்மதம் என்று 1971இல் வகுத்த கணக்கையே இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. இடைவெளி பெரிதானால் அங்கே வெளியே தெரிவது பசை. அது பீங்கானைவிட மென்மையானது. பிரஷ்ஷில் தேயும், காபியில் நிறம் மாறும், வெற்றிலை போடுபவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்த வெனீரைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் காரணம் இதுதான்.

பசை உள்ளே தடித்துப் போனாலும் தொல்லை உண்டு. விளக்கொளி காட்டி இறுக்கும்போது பசை சுருங்கும். சுருங்கும்போது ஓட்டை இழுக்கும். பீங்கான் பசையைப் போல் மூன்று மடங்காவது தடிமனாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. பல்லைச் சரியாகச் செதுக்கியிருந்தால் உள்ளே பசை ஒரே சீராக, மெல்லிசாகப் பரவும். மேடு பள்ளமாகச் செதுக்கியிருந்தால் ஓரிடத்தில் தேங்கும், இன்னோரிடத்தில் ஓடு பல்லை இடிக்கும்.

கூர்மையான மூலைகள் ஏன் ஆகாது? செதுக்கிய பல்லில் கூரிய விளிம்பு இருந்தால், அதன் மேல் உட்காரும் பீங்கானின் உள்பக்கத்திலும் அதே கூரிய பள்ளம் விழும். கடிக்கும் பாரம் அந்த முனையில் குவிந்து, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அதனால் கடைசியில் மெல்லிய முனையாலோ ரப்பர் சக்கரத்தாலோ எல்லா மூலைகளையும் உருட்டி வழவழப்பாக்குவார்கள். பார்ப்பதற்கு இது சும்மா மெருகு போடுவது போலத் தெரியும். அவசரப்படும் கிளினிக்கில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

"இப்போதுதான் கம்ப்யூட்டர் ஸ்கேன் வந்துவிட்டதே, மெஷினே துல்லியமாகச் செய்யாதா?" மெஷின் செய்யும், ஆனால் மெஷினுக்கும் ஓர் எல்லை உண்டு. பீங்கான் கட்டியைக் கடைந்தெடுக்கும் அதன் முனை சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். பல்லில் அதைவிட மெல்லிய கூர்விளிம்பு இருந்தால் முனையால் அந்த இடுக்குக்குள் போக முடியாது. அதனால் மென்பொருள் உள்பக்கத்தைக் கூடுதலாகக் குடைந்துவிடும். விளைவு, அங்கே ஒரு வெற்றிடம், அதில் பசை. ஸ்கேன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செதுக்கல் மோசமாக இருந்தால் அந்த மோசத்தைத்தான் அது துல்லியமாகப் பதிவு செய்யும்.

ஈறு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓரம் ஈறுக்குச் சற்று மேலேயோ, சரியாக ஈறு மட்டத்திலோ முடிவது நல்லது. ஈறுக்குள் இறக்கினால் கோடு மறையும், ஆனால் அங்கே எனாமல் சொற்பம், ஒட்டும்போது ரத்தமும் ஈரமும் கசியும், பின்னால் சுத்தம் செய்யவும் கடினம். ஈறு வீங்கி ரத்தம் வந்துகொண்டிருந்தால் முதலில் பல் சுத்தம் (ஸ்கேலிங்) செய்து, ஈறு ஆறிய பிறகே அளவெடுக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பல் கருத்திருந்தால் கணக்கு மாறுமா? மாறும். கருமை தெரியாமல் மறைக்கப் பீங்கான் தடிமனாக வேண்டும். நிறத்தில் ஒவ்வொரு படி வெளுப்பாக்க 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று படி என்றால் எனாமலின் பெரும்பகுதியே போய்விடும். ஆகவே வேர் சிகிச்சை செய்து கருத்துப்போன பல்லாக இருந்தால், முதலில் உள்ளிருந்தே வெளுக்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். வெளுப்பு மருந்து வைத்த உடனே வெனீர் ஒட்டக் கூடாது. மருந்திலிருந்து வரும் ஆக்சிஜன் பல்லில் தங்கிப் பசை இறுகுவதைக் கெடுக்கும். சுமார் இரண்டு வாரம் இடைவெளி விடுவார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சிறுவயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நிரந்தரமாகத் தங்கிவிடும். இந்தப் பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் மசியாது. வழக்கமான நேரம் அமிலம் வைத்தால் பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே அந்த மேற்படலத்தை லேசாக ராவி எடுப்பார்கள், அல்லது அமிலத்தை அதிக நேரம் வைப்பார்கள். 'ராவாமல் ஒட்டும்' வெனீர் இவர்களுக்கு நல்ல யோசனையல்ல. கறை லேசாக இருந்தால் வெனீரே வேண்டாம். மேற்படலத்தை மட்டும் தேய்த்தெடுப்பது, வெளுக்க வைப்பது போன்ற சிறிய சிகிச்சைகள் முதலில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஓடிவந்து பத்துப் பல்லையும் ராவச் சொல்பவர்கள் இந்தச் சிறிய வழிகளைப் பார்ப்பதே இல்லை.

கோணல் பல்லை வெனீரால் நேராக்கலாமா? கொஞ்சம் கோணல் என்றால் சரி. நன்றாகத் திரும்பிய, முன்னே தள்ளிய பல்லை வெனீரால் நேராகக் காட்ட வேண்டுமென்றால், ஒரு பக்கம் டென்டின் வரை ராவ வேண்டியிருக்கும். சில நேரம் நரம்புவரை போய் வேர் சிகிச்சையில் முடியும். அதற்குக் கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவதுதான் வழி. ஓராண்டு பிடிக்கலாம், ஆனால் எனாமல் உங்களிடமே இருக்கும். எனாமல் திரும்ப வளராது. இருபத்தைந்து வயதில் ராவிய பல்லுக்கு எழுபது வயது வரை இரண்டு மூன்று முறை வெனீர் மாற்ற வேண்டி வரலாம். ஒவ்வொரு முறை பழையதை ராவி எடுக்கும்போதும் கொஞ்சம் எனாமல் கூடவே போகும்.

ஆழம் தவறாமல் ராவ டாக்டர் என்ன செய்வார்? ஒரே சொல்லில் கேட்பதானால் 'மாக்கப்' செய்வீர்களா என்று கேளுங்கள் (முடிவில் பல் எப்படி இருக்கும் என்று தற்காலிகப் பசையால் வாயில் செய்து காட்டும் மாதிரி). இதில் இரண்டு லாபம். நீங்கள் கண்ணாடியில் பார்த்து, பேசிப் பார்த்து, 'நீளம் ஜாஸ்தி' என்று ராவுவதற்கு முன்பே சொல்லலாம். டாக்டர் அந்த மாதிரியின் மேலிருந்தே ஆழம் அளந்து ராவுவார். மாதிரியின் தடிமனிலேயே வெனீருக்கான இடம் பாதி கிடைத்துவிட்டால் பல்லில் கை வைக்கும் அளவு குறையும். மாதிரி இல்லாமல், இருக்கிற பல்லிலிருந்தே நேராக அரை மில்லிமீட்டர் குறைத்தால், ஏற்கெனவே தேய்ந்த பல்லில் தேவையில்லாமல் எனாமல் போகும்.

ஆழத்துக்குக் காடி போடும் வைரத்தூள் முனை, ராவிய பிறகு வைத்துப் பார்க்கும் சிலிக்கான் அச்சு எல்லாம் இதற்குத் துணை. கண்மதிப்பிலேயே ராவுவேன் என்பது அனுபவசாலியின் பேச்சாகத் தோன்றும். கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

ராவும்போது வலிக்குமா? எனாமலுக்குள்ளேயே முடிந்தால் வலி அநேகமாக இருக்காது. பலருக்கு மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. கூச்சம் வந்தால் டென்டினைத் தொட்டிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அப்படி வெளிப்பட்ட டென்டினை, அளவெடுக்கும் முன்பே அன்றைக்கே பசையால் மூடிவிடுவது நல்ல பழக்கம். கூச்சமும் குறையும், பின்னால் வெனீரின் ஒட்டும் பலப்படும். லேப்பிலிருந்து ஓடு வரும் வரை தற்காலிக ஓடு ஒட்டியிருப்பார்கள். அது கழன்றால் பேசாமல் இருக்காமல் போன் செய்யுங்கள். திறந்து கிடக்கும் பல் கறைபடும், ஈறும் மேலே படியும்.

தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவரா நீங்கள்? தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். ராவுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. வெனீர் வேண்டாம் என்றே அவர் முடிவு செய்யலாம், அல்லது இரவில் மாட்டிக்கொள்ளும் பல் காப்பு செய்து கொடுப்பார். அதை மாட்டிக்கொள்ள அலுப்புப்படாதீர்கள். முறுக்கும் சீடையும் சாப்பிடலாம், கடைவாயில் கடித்து. கரும்பை முன்பல்லால் உரிப்பது, நூலைக் கடித்து அறுப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது எல்லாம் நின்றாக வேண்டும். இந்த மூன்றும் ஓட்டை நுனியிலிருந்து பிடித்து இழுக்கும் வேலைகள்.

நன்றாகச் செய்த வெனீர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்தாண்டு தாண்டியும் நிற்பதாக நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒட்டிய அன்றே நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். பற்களுக்கு நடுவே விடும் நூலை (டென்டல் ஃபிளாஸ்) ஓரத்தில் விட்டு மெதுவாக இழுங்கள். சிக்காமல், பிசிறாமல் வர வேண்டும். சிக்கினால் ஓரத்தில் பசை பிதுங்கி நிற்கிறது, அல்லது ஓடு துருத்துகிறது. அன்றே சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். என்ன பீங்கான், என்ன நிற எண், எந்தப் பசை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அடுத்த டாக்டருக்கு அது உதவும்.

ஒருவேளை வெனீர் முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டால்? வீட்டிலிருக்கும் உடனடிப் பசையைத் தடவி நீங்களே ஒட்டாதீர்கள். சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். உள்பக்கத்தில் பசை அப்படியே ஒட்டியிருந்து பல் வெறுமையாக இருந்தால், பல்லின் பக்கம்தான் ஒட்டு விட்டிருக்கிறது. ஈரத்தில் ஒட்டியது காரணமாக இருக்கலாம், எனாமல் போதாமல் போனதும் காரணமாக இருக்கலாம். பசை பல்லிலேயே நின்று ஓடு சுத்தமாக வந்திருந்தால், பீங்கானைத் தயார் செய்ததில் குறை. இரண்டாவதாக இருந்தால் ஓட்டைச் சுத்தம் செய்து மறுபடி தயார்செய்து அதையே ஒட்டலாம். முதலாவதாக இருந்தால், மறுபடி ஒட்டுவதற்கு முன் பல்லில் எவ்வளவு எனாமல் மிச்சம் இருக்கிறது என்று கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள்.